ஆறு கோழிக்கு எண்பத்து நாலு சதுர அடி

டெங்கு எங்கள் வீட்டுக்கு வந்து போன பிறகு, தேங்கிய தண்ணீரைக் கண்டால் குனிந்து பார்க்காமல் என்னால் நடக்க முடிவதில்லை. பூச்சட்டியின் தட்டு, கவிழ்க்காத சிரட்டை, பூனைக்கு வைத்த கோப்பை, யாரோ எறிந்து விட்டுப் போன யோகட் கப், எதையும் விடமாட்டேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு வுழூ செய்யப் போனால் ஹவுள் தொட்டியையும் எட்டிப் பார்ப்பேன். அதில் மீன் விட்டிருக்கிறோம், நுளம்புக் குடம்பி இருக்க வழியில்லை என்று பாங்கு சொல்கிற மோதினார் பலமுறை சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகும் பார்ப்பேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. புத்தளம் ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் காலையும் மாலையும் இரத்தம் எடுத்துப் போய் இரத்தத் தட்டுகள் எத்தனை என்று ஓர் எண்ணைக் கொண்டுவந்து சொல்வார்கள். நான் கணித ஆசிரியர். எண்களை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் ஓர் எண் இறங்க இறங்க அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எப்படி என்று எந்த வகுப்பிலும் நான் படித்ததில்லை. அது ஏறத் தொடங்கிய அன்று மனைவி சுவரோடு சாய்ந்து அழுதாள். நான் தாதியிடம், மறுபடி ஒருதரம் சரிபார்க்க முடியுமா என்று கேட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், "இனிப் பயமில்லை. நல்லாச் சாப்பிடட்டும், படிக்கட்டும், விளையாடட்டும்" என்றார். முதல் இரண்டையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவதை வார்டிலேயே விட்டுவிட்டேன்.

விளையாட்டு என்றால் மகளுக்கு வலைப்பந்துதான். ஏழு பேர் கொண்ட பாடசாலை அணியில் அவள் நடுவில் நிற்கிறவள், சென்டர். மற்றவர்களுக்கு மைதானத்தில் ஒவ்வொரு துண்டுதான் சொந்தம். சென்டருக்கு இரண்டு கோல் வட்டங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் சொந்தம். அதனால் அவள்தான் ஆகக் கூடுதலாக ஓடுகிறவள். வலயப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாய்கிற மஃரிபுக்குச் சற்று முன் முடியும். டெங்கு நுளம்பு பசியோடு திரிகிற நேரமும் அதுவேதான். போதாததற்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு கழிவுநீர்க் கான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் நிற்கிறது.

"வாப்பா, எல்லாரும் பிரக்டிஸுக்குப் போறாங்க."

"போகட்டும்."

"நான் மட்டும் போகல்ல."

"சொகமில்லாம இருந்த புள்ள நீ."

"இருந்த. இப்ப இல்ல தானே. டொக்டரும் விளையாடலாம் எண்டுதானே சொன்னாரு."

டொக்டருக்கு அந்தக் கானைப் பற்றித் தெரியாது என்றேன். அவள் உள்ளே போய், பந்தைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். அது சுவரில் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவள் ஜன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ராத்தாவின் மகள் கன்வஸ் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோபிக்கவில்லை, அடம் பிடிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும், வீட்டோடு வைத்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நான் கண்டுபிடித்த வழிதான் கோழி.

சொன்னவுடன் அவள் திரும்பிப் பார்த்தாள். "எத்தின?"

"ஆறு."

"கூடு நான்தான் கீறுவன்."

"கீறு. அளவு நான் சொல்றேன்."

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபுத் தாள்தான் கிடந்தது. இராத்தங்க ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, பகலில் கிளறித் திரியப் பத்துச் சதுர அடி என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆறு கோழிக்கு உள்ளே இருபத்து நாலு, வெளியே அறுபது, மொத்தம் எண்பத்து நாலு. பெருக்கிப் பார்க்க யாருக்கும் தெரியும். அந்த எண்பத்து நாலை வீட்டு வளவில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

மேற்குப் பக்கம் வைத்தால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கியதும் மண்ணெல்லாம் கூட்டுக்குள் வந்து விழும். எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று வந்தால் மாதக் கணக்கில் நிற்காது. காயப் போட்ட சாரம் வேலியைத் தாண்டி இரண்டு வளவுக்கு அப்பால் போய்க் கிடக்கும். கிழக்குப் பக்கம் வைத்தால் குசினி ஜன்னலுக்கு நேரே வரும். மனைவி ஒரே சொல்லில் வேண்டாம் என்றுவிட்டாள். வடக்கே கிணறு. கடைசியில் தெற்கு மூலையில், முருங்கைக்கும் இரண்டு தென்னைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. தென்னை மரத்தடியில் எதையும் வைக்கும் துணிவு எனக்கு இல்லை. தேங்காய் விழும் தூரத்தை மகளும் நானும் அளந்து, கூட்டை இரண்டு அடி நகர்த்தினோம். பிறகு காற்றுக் காலத்தில் காய் நேராக விழாது என்று ஞாபகம் வந்து இன்னும் இரண்டு அடி நகர்த்தினோம்.

"இன்னும் கொஞ்சம் தள்ளினா கோழி அடுத்த ஊட்டுக்காரங்கட ஆகிரும்" என்றாள் மனைவி.

வாசலைக் கிழக்கே பார்க்க வைத்தோம், காற்று முதுகில் படும்படி. கூரைக்குத் தகரம் போட்டு அதன்மேல் தென்னோலைக் கிடுகு. வெறும் தகரமென்றால் பகலில் உள்ளே வெந்துவிடும். உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி வலை இரண்டு வருடத்தில் துருவாக உதிரும் என்பதால் பிளாஸ்டிக் பூசிய வலையைத் தேடிப் பிடித்தேன். கீரி தோண்டி வருமே என்று அந்த வலையை நிலத்துக்குள்ளும் ஓர் அடி இறக்கினேன். மணல் நிலத்தில் ஓர் அடி கீரிக்கு ஒரு வேலையா என்று யோசித்து, இன்னோர் அடி இறக்கினேன். திரியும் இடத்துக்கு மேலே பருந்தும் காகமும் வராமலிருக்கப் பக்கத்து வீட்டு நானா, அந்த ராத்தாவின் கணவர், தன் பழைய மீன் வலையைத் தந்தார். அவர் களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். "இந்த வலையில பெரிய பெரிய மீன்லாம் பட்டிருக்கு, இனிப் பருந்தும் படட்டும்" என்று விரித்துக் கட்டியும் தந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு நான் கடையில் வாங்கி வந்த நுளம்பு வலையை எடுத்துக் கூட்டின் உள்பக்கமாக ஆணி வைத்து அடிக்கத் தொடங்கினேன். மனைவி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"கோழிக்குமா நுளம்பு வலை?"

"கோழிக்கு இல்ல. கோழி இருக்கிற எடத்துக்கு நுளம்பு வரும். மகள் அங்கதானே நிப்பா."

"அப்ப மகளையும் உள்ளுக்கு உட்டுப் பூட்டிருங்க. ரெண்டு வேல ஒண்டா முடியும்."

நான் அடிப்பதை நிறுத்தவில்லை. சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதனால்தான் சுத்தியல் ஒருதரம் விரலில் பட்டது.

கோழிகளைக் கனமூலை ஊரில் ஒரு வீட்டில் வாங்கினேன். முட்டையிடப் போகிற பருவத்துப் பேடுகள், ஆறு. செவ்வாய்க்கிழமை த்ரீவீலரில் பின்னால் மகள், அவள் மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. பாதை நெடுக உள்ளே இருந்து வந்த ஒவ்வொரு முனகலுக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வருவதற்குள் பெயரும் வைத்துவிட்டாள். மனுசர் பெயர் இல்லை. கோல் ஷூட்டர், கோல் அட்டாக், விங் அட்டாக், விங் டிஃபன்ஸ், கோல் டிஃபன்ஸ், கோல் கீப்பர்.

"சென்டர் எங்க?" என்று கேட்டது மனைவிதான்.

"சென்டருக்குக் கோழி காணாது" என்றாள் மகள். என்னைப் பார்க்கவில்லை. கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்த கோழிகள் இடத்தைப் பழகும்வரை ஒரு கிழமை வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் வாசித்திருந்தேன். வாசித்ததில் எனக்கு ஆகப் பிடித்த வரியே அதுதான். எண்பத்து நாலு சதுர அடியில் ஆறும் இருந்தன. தண்ணீர்க் கோப்பையைக் காலையிலும் மாலையிலும் நானே கழுவி மாற்றினேன். கதவுக்கு ஒரு கொண்டி, அதற்கு மேலே ஒரு பூட்டு. பின்னேரமானால் மகள் ஜன்னலை விட்டுக் கூட்டடிக்கு வந்து உட்கார்ந்தாள். ஊத்தை நீக்கினாள், தீன் போட்டாள், அவற்றோடு கதைத்தாள். சிரிக்கவும் செய்தாள். திட்டம் பலித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் வேலிக்கு அப்பால் பிள்ளைகளின் பேச்சுக் குரல் பாதையோடு போகும்போது மட்டும் அவள் கை தீன் சட்டிக்குள் அப்படியே நின்றுவிடும்.

ஊரும் வந்து பார்த்தது. புதன்கிழமை பக்கத்து வீட்டு ராத்தா வேலியோரம் வந்து நின்று, கொண்டியையும் பூட்டையும் பார்த்தா. அந்த ராத்தா மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னப் பிள்ளை. இங்கேயே படித்து, இங்கேயே கலியாணம் முடித்து, இப்போது மகள் எங்கள் மகளோடு ஒரே அணியில்.

"நல்லம் நானா. அப்பிடித்தான் வெக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனா. அவ ஏன் அவ்வளவு திருப்திப்பட்டா என்று நான் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை பள்ளிவாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, அல்லாஹ் கபூலாக்கட்டும், ஏற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். மகளுக்குச் சுகமானதற்குச் சொல்கிறார்கள் என்று ஆமீன் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. மோதினார். கெரியரில் நியூஸ் பேப்பரில் சுற்றி ரப்பர் வளையம் போட்ட ஒரு பொதி. ஸலாம் சொல்லிவிட்டு நேரே வளவுக்குள் நடந்து, கூட்டைச் சுற்றிவந்து, சூரியனைப் பார்த்து, தொழும் திசையான மேற்கைப் பார்த்தார்.

"கிப்லாப் பக்கம் கூட்டுக்குப் பின்னால மரத்துட நல்ல நெழல். அங்க வெச்சே அறுப்பம்."

"யார?" என்று கேட்டேன்.

மோதினார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோழியத்தான் மாஸ்டர். வேற யாரையும் அறுக்க இரிக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ராத்தா பின்வழியால் வந்துவிட்டா. தலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சஹன்கள். விருந்தென்றால் எங்கள் ஆட்கள் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் கைபோடுவார்கள். அந்தப் பெரிய தட்டுகள் எல்லார் வீட்டிலும் இராது. "எட்டுக் கொண்டாந்திரிக்கன். காணாட்டிச் சொல்லுங்க, பள்ளில கேட்டு எடுப்பம்" என்று இறக்கி வைத்தா. அவவுக்குப் பின்னால் அவ மகள். அதற்குப் பின்னால் வலைப்பந்து அணியின் மற்ற ஐந்து பேர், விருந்துக்குப் போட்ட நல்ல சட்டைகளில். எல்லாருக்கும் பின்னால் அவர்களைப் பழக்குகிற டீச்சர், கையில் ஒரு பெட்டி கேக்கோடு.

எங்கள் ஊரில் வளவில் திரிந்து கண்டதையும் கொத்துகிற கோழியை உடனே பிடித்து அறுப்பதில்லை. மூன்று நாள் அடைத்து வைத்து, சுத்தமான தீன் போட்டு, வயிறு சுத்தமான பிறகுதான் அறுப்பது. சின்ன வயதில் எத்தனை கோழியை நானே கால் கட்டிப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியால் பிள்ளை சுகமாகி வந்த வீட்டில், செவ்வாய்க்கிழமை ஆறு கோழி வந்து இறங்கி, கொண்டியும் பூட்டுமாக அடைபட்டுக் கிடந்தால், வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊர் கைவிரலால் மூன்றை எண்ணிவிட்டுக் காத்திருந்திருக்கிறது. எண்பத்து நாலு வரை பெருக்கிய எனக்கு அந்த மூன்றுதான் தவறிவிட்டது.

"விருந்தெண்டு யார் சொன்ன?" என்று கேட்டேன்.

குசினி வாசலில் நின்ற மனைவி முந்தானையால் கையைத் துடைத்தாள். கனநேரமாகத் துடைத்தாள்.

"நேர்ச்ச இரிக்கிது" என்றாள்.

"என்ன நேர்ச்ச?"

"ஆஸ்பத்திரில வெச்சி நேர்ந்தன். புள்ள நடந்து ஊட்டுக்கு வந்தா ஊரக் கூப்பிட்டுச் சோறு குடுக்கிறதெண்டு. ராத்தாக்கிட்டச் சொல்லித்தான் அழுதன்."

"எனக்கிட்டச் சொல்லல்லயே."

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க எண்டு தெரியும். ஊரு கூடினா கோப்பையெல்லாம் சிந்தும், தண்ணி தேங்கும், நுளம்பு வரும். நீங்க கொஞ்சம் ஆறட்டும் எண்டு இருந்தன். கோழிய அதுக்கு நேரவும் இல்ல, கேட்கவும் இல்ல. ஆனா நேர்ச்ச நேர்ச்சதான்."

மோதினார் கத்திப் பொதியின் ரப்பர் வளையத்தைக் கழற்றத் தொடங்கினார். மகள் போய்க் கூட்டு வாசலில் நின்றாள். இரண்டு கையையும் விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, பந்தை மறிக்கிறவள் நிற்பதுபோல.

"இது டீம். டீம அறுக்க ஏலாது."

"டீமா?" என்றார் மோதினார்.

"இது கோல் கீப்பர். அது விங் அட்டாக். அங்க தலைய நீட்டுறது கோல் ஷூட்டர்."

அணிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோல் கீப்பராக விளையாடுகிற பிள்ளை, தன் பெயருள்ள கோழி எது என்று கேட்டு, அதுதான் ஆகக் கொழுத்தது என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டாள்.

"அப்ப மூணு நாளா என்னத்துக்கு மாஸ்டர் அடைச்சி வெச்சீங்க?" மோதினார் என்னிடம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

"எடம் பழகணும். ஒரு கிழம உள்ளுக்கு இரிந்தாத்தான் வழி மறந்து போகாதாம்."

"கோழி என்ன, கொழும்புக்கா போகப் போவுது?"

இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் பிள்ளைகளில் ஒருத்தி மகளிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்திருக்கிறாள். தொட்டுப் பார்க்கத்தான். ஆறு பேரும் ஒன்றாகத் தலையை நீட்ட, கோழிகள் ஆறும் அவர்கள் கால்களுக்கு நடுவால் வெளியே வந்துவிட்டன.

"கதவப் பூட்டுங்க, கதவப் பூட்டுங்க" என்று நான் கத்தினேன். உள்ளே ஒரு கோழியும் இல்லை என்பது கத்தி முடிந்த பிறகுதான் விளங்கியது.

"பூட்டி என்னத்த நானா" என்றா ராத்தா. சிரித்துக்கொண்டுதான் நின்றா. பிறகு சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "எங்கட உம்மா ஊர உட்டு வெளிக்கிடக்குள்ள ஊட்டப் பூட்டினாவாம், கோழிக்கூட்டத் தொறந்து உட்டாவாம். அதுகளாவது பொழைக்கட்டும் எண்டு" என்றா.

அதற்குள் விங் டிஃபன்ஸ் மனைவி காயப் போட்டிருந்த மிளகாய்ப் பாயில் ஏறிவிட்டது. மனைவி துடைப்பத்தோடு பாய்ந்தாள், எல்லாம் கலைந்தது.

ஏழு பிள்ளைகளும் வளவு முழுவதும் ஓடினார்கள். துரத்தாமல் விட்டிருந்தால் அவை முருங்கையடியில் கிளறிக்கொண்டு நின்றிருக்கும். துரத்தியதனால் கிணற்றைச் சுற்றின, சைக்கிளுக்கு மேலால் பறந்தன, ஒன்று மோதினாரின் கால்களுக்கு நடுவில் புகுந்தது. அவர் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் தொடவே இல்ல" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். கோல் ஷூட்டர் வேலிப் பக்கம் பறந்தது. அதன் பின்னால் மகள் ஓடினாள்.

அவள் ஓடி நான் பார்த்து எவ்வளவோ காலம். கடைசியாக அவள் நடையைக் கவனித்துப் பார்த்தது வார்டில், சேலைன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து குளியலறை வரை. அந்த நடைதான் என் கண்ணுக்குள் இருந்தது. பாடசாலைக்கும் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கிய எனக்கு வேறொரு நடை தெரிய வழி இருக்கவில்லை. நான் தடுக்கக் கையை நீட்டினேன். மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கிய கையை விடவில்லை.

கோழி வேலிக்கு மேலே எழும்பிய இடத்தில் மகளும் எழும்பினாள். இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நின்றாள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பிடித்தால் நிற்க வேண்டும், நின்றால் கொடுக்க வேண்டும்.

"அடி வெக்காத, பாஸ் பண்ணு" என்று ராத்தாவின் மகள் கத்தினாள். மகள் கோழியைப் பூப்போல அவள் கையில் கொடுத்தாள். கோழி ஒரு சத்தமும் போடவில்லை. திகைத்திருக்கும்.

"லேண்டிங் பாத்தீங்களா சேர்?" என்றா டீச்சர் எனக்குப் பக்கத்தில், யாரோ ஊர் பேர் தெரியாத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

மகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. காய்ச்சலில் சிவந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இது அதில்லை.

நேர்ச்சையை அன்றே நிறைவேற்றினோம். சந்திக் கடையில் உயிர்க்கோழி விற்கிறார்கள். மோதினாரை என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கொண்டுவந்த கத்திக்கு அங்கே வேலை கிடைத்தது. அந்தக் கோழிகளும் கூட்டில் அடைபட்டுக் கிடந்தவைதானே, இவற்றுக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று திரும்பி வரும்போது கேட்டார். பெயர் வைக்கவில்லை என்றேன். அது சரி என்றார். ராத்தாவும் மனைவியும் சோற்றை ஏற்றினார்கள், அக்கம்பக்கத்தில் இருந்து இன்னும் ஆட்கள் வந்தார்கள், எட்டுச் சஹனும் நிறைந்து ஒன்பதாவதற்குப் பள்ளிவாசலுக்கு ஆள் போனது. கூட்டைப் பார்க்கவும் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நுளம்பு வலையைப் பார்த்துவிட்டு ஒருவர், கோழிக்குக் கட்டில் போடவில்லையா என்று கேட்டுப் போனார்.

அணிப் பிள்ளைகள் ஏழு பேரும் ஒரே சஹனில் இருந்தார்கள். ஆறு பேருக்கான தட்டு, நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் தண்ணீர் ஊற்ற அவர்கள் பக்கம் குனிந்தபோது மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"வாப்பா, திங்கக்கிழம நானும் போகவா?"

ஏழு கையும் சோற்றில் நின்றன. டீச்சர் வேறு பக்கம் பார்த்தா. எனக்கு வாயில் வந்த சொல் கான் என்பதுதான். அது வந்த வேகத்தில் நாக்கில் நின்றது. குனிந்திருந்த எனக்கு அவள் கழுத்தில் மிளகாய்த் தூளும் கோழி இறகும் ஒட்டியிருந்தது தெரிந்தது.

"ஓம்" என்றேன். மறுபடி ஒருதரம் சொன்னேன்.

திங்கட்கிழமை அவளை அனுப்பிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். முதல் நாள்தானே. மைதானத்தில் உட்காரவில்லை; கானோரமாக ஒரு தடியால் கிளறிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் டீச்சர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தா.

"சேர், நீங்க அங்கால போனா புள்ள அங்கால பாக்குது, இங்கால வந்தா இங்கால பாக்குது. பந்த மட்டும் பாக்குதில்ல."

"கானுக்கு மருந்தடிக்கணும் டீச்சர்."

"பிரதேச சபைக்கு நாங்க சொல்றம். புள்ளையளுக்கு நுளம்புக்கு ஓடோமோஸும் பூசித்தான் எறக்கிற. நீங்க ஊட்ட போங்க சேர்."

வகுப்பில் பிள்ளைகளிடம் நான் பலமுறை பேசியிருக்கிற குரல்தான் அது. போனேன்.

அந்த ஒரு பின்னேரம் எனக்கு நீளமானது. கூட்டின் உள்பக்கம் அடித்த நுளம்பு வலையை ஆணி ஆணியாகக் கழற்றினேன். புழுக்கம் தாங்காமல் கோழிகள் ஏற்கெனவே ஒரு பக்கத்தைக் கொத்திக் கிழித்திருந்தன. கதவைத் திறந்து விட்டேன். அவை வெளியே வந்து முருங்கையடியில் குழி பறித்து, மண்ணை அள்ளி முதுகில் போட்டுக் குளித்தன. எண்பத்து நாலு சதுர அடியில் அந்தக் குளிப்பை நான் ஒருநாளும் கண்டதில்லை. மனைவி ஒரு தட்டில் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "உரிங்க. கண்ணுல தண்ணி வந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க" என்றாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் மகள் வந்தாள். ராத்தாவின் மகளோடு வேலியடிவரை கதைத்துக்கொண்டு வந்து, அங்கேயும் நின்று கதைத்து, பிறகு உள்ளே வந்து படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குனிந்து வலது கணுக்காலைச் சொறிந்தாள். சின்னதாக, சிவப்பாக, ஒரு தடிப்பு.

கண்டேன். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். மனைவி குசினிக்குள் இருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தின கோல்?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். யார் யாருக்குக் கொடுத்தது, யார் பிடிக்காமல் விட்டது, எந்த இடத்தில் விசில் ஊதியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பாங்கு சொன்னது, அது முடியும்வரை நிறுத்தி, பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். கணுக்கால் பக்கம் பார்வை போகப் பார்த்தது. இரண்டு மூன்று தரம் போயும் விட்டது. ஆனாலும் கடைசி வரை கேட்டேன்.